இடையில் பேசக்கூடாது

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் நெடுங்காலம் அருகருகே நின்றன. ஒன்று என்னுடையது. அதன் அட்டையில் பக்கவாட்டில் வெட்டிய ஒரு தலை, உள்ளே பல நிறங்களில் மூளை. மற்றது மாமியுடையது. அதற்கு மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தது. பலசரக்குக் கடையில் தந்த கடதாசிப் பையைப் பிரித்து, சுருக்கம் போக அழுத்தி, பசை தொடாமல் மூலைகளை உள்ளே மடித்துச் செருகிய உறை. நடுவில் பாடத்தின் பெயர், கீழே மாமியின் பெயர், இரண்டுக்கும் அடியில் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் செய்யும் வேலை அது. மாமிக்கு அப்போது அறுபத்துநான்கு வயது.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நான் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே மேலே போக வேண்டுமென்றால் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு முதற்படி உளவியல் அறிமுகம் என்ற பாடம். கல்லூரியின் பாடவிவரப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். என் கணவரின் தாயான மாமி, மரக்கறி வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார்.

"உது மனிசரை விளங்கிற படிப்போ, பிள்ளை?"

"அப்பிடித்தான் சொல்லுகினம், மாமி."

"அப்ப நானும் வாறன்."

என் கணவர் சிரித்தார். "அம்மா, கோயில் குளமெண்டு போற வயசில உங்களுக்கு உது என்னத்துக்கு?"

"கோயிலில எல்லாரையும் பாத்திட்டன். ஒருத்தரும் விளங்கேல்லை" என்றார் மாமி.

அவர் ஊரில் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் கையில் இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்தபின் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றிருந்தார். படிக்கத் தடை ஒன்றுமில்லை. செய்தி மட்டும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மின்தூக்கியில் மூன்றாம் மாடி அன்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன அக்கா, வீட்டில ஆருக்கும் மண்டைப் பிரச்சினையோ?" மாமி அசரவில்லை. "இன்னும் இல்லை. நான் பாஸ் பண்ணினாப் பிறகு முதல்ல உம்மைத்தான் பாக்கிறதெண்டு இருக்கிறன்." அந்த அன்ரி அதன்பிறகு சில வாரங்கள் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

மாமி ஏன் வந்தார் என்பதை முதல் வகுப்பு முடிந்து பஸ்சில் வரும்போதுதான் அறிந்தேன். மாமிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் என் கணவர். இளையவனை வீட்டில் சின்னவன் என்போம். அவன் மனைவி மகளோடு, ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில், புதுவீட்டில் இருந்தான். பிறந்தநாள்களுக்கு வருவான். குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் வாசலருகே நிற்பான். என்னோடு பகிடி விடுவான், அண்ணனோடு ஹொக்கி பேசுவான். தாயிடம் "ஓம்", "இல்லை", "பாப்பம்". இந்த மூன்றுக்கு மேல் அவனிடமிருந்து மாமிக்கு எதுவும் கிடைத்ததை நான் கண்டதில்லை. சண்டை போட்டதும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்காவது ஒரு வழி இருந்திருக்கும். பஸ்சின் சன்னலில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. மாமி மடியில் இருந்த புத்தகத்தின் உறையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு மொத்தப் புத்தகம். அவன் ஏன் என்னோட கதைக்கிறேல்லை எண்டு இதுக்குள்ள எங்கயாவது இருக்குமெல்லோ?"

வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் முன்வரிசையில் இருந்தோம். படிப்பித்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி சொன்னார். மாமி கடைசிவரை "மிஸ்" என்றே கூப்பிட்டார். மிஸ் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். முதல்நாள் வகுப்பு முழுவதும் அவரையே பார்த்தது. தேவையில்லை என்று மிஸ் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பருவம் பாதியாகும்போது, பின்வரிசையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரும் மாமியோடு எழத் தொடங்கியிருந்தார். மணிச்சத்தத்துக்கு எச்சில் வடித்த நாயைப் பற்றிப் படித்த அன்று மாமி என் காதில் சொன்னார்: "உதுக்கு நாய் என்னத்துக்கு? எங்கட மைக்ரோவேவ் சத்தம் கேக்க உம்மட மனிசன் எழும்பி வாறதை வந்து பாக்கச் சொல்லும்." பரீட்சைத் தாள்களில் என்னைவிட நல்ல புள்ளி எடுத்தார். புத்தகத்தில் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார்; மேலதிகமாக ஒரு வரி சேர்க்கமாட்டார்.

நினைவு பற்றிய அத்தியாயம் முடிந்ததும் ஒரு செயல்வேலை தந்தார்கள். குடும்பத்தில் இருவருக்குப் பொதுவான ஒரு சம்பவத்தை எடுக்க வேண்டும். முதலில் நாம் நினைப்பதை எழுதி மூடிவைத்துவிட்டு, பிறகு மற்றவரைச் சொல்லவிட்டுக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். விதிகள் கடுமையாக இருந்தன. கேட்பவர் இடையில் பேசக்கூடாது. திருத்தக்கூடாது. தலையாட்டவோ முகம் மாற்றவோ கூடாது. முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு, மறப்பதற்கு முன் உடனே எழுதி முடிக்க வேண்டும். நாம் ஒருமுறை தலையாட்டினாலே சொல்பவரின் நினைவு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று மிஸ் விளக்கினார். இருவர் இருவராகச் செய்ய வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் விதி பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமிக்கு நான் துணை.

மாமி சின்னவனைத் தொலைபேசியில் அழைத்தார். அவன் கனடா வந்து இறங்கிய நாளைக் கேட்பதாக இருந்தார். அது சந்தோஷமான நாள். மறுமுனையில் அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"அது வேண்டாம். கொழும்பில விட்டிட்டுப் போனீங்கள் தானே. அதைக் கேளுங்கோ. வாறன்."

அந்தக் கதையை என் கணவர் சொல்லி நான் அறிவேன். மாமா இறந்தபின், பதினான்கு வயதான மூத்தவனைப் போர் நடந்த ஊரில் வைத்திருக்கப் பயந்து மாமி கனடாவுக்குப் புறப்பட்டார். களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ற் கொடுத்த கடவுச்சீட்டில் ஒரு தாயும் ஒரு பிள்ளையும்தான். ஒன்பது வயதுச் சின்னவனைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தார். அவனைக் கூப்பிட்டு எடுக்க ஐந்து வருடம் சென்றது. மாமி தன் பக்கத்தை எழுதி முடித்து, பிழை பார்க்க எனக்கு வாசித்துக் காட்டினார். விமான நிலையத்துக்கு வான் வண்டியில் போனது, திரும்பிப் பார்க்கக்கூடாது, அழக்கூடாது, கை காட்டக்கூடாது, பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று ஏஜென்ற் சொன்னது, அதன்படியே நடந்துகொண்டது. கடைசி வரி: 'நல்லவேளையாக, சின்னவன் அக்காவின் மடியில் நித்திரையாக இருந்தான்.'

அந்த வாரம் முழுவதும் மாமி முகத்தை அசைக்காமல் இருக்கப் பழகினார். நான் காப்பகத்துப் பிள்ளைகளின் குழப்படிகளைச் சொல்வேன்; அவர் பேனாவோடு கல்லுமாதிரி இருப்பார்; ஒரு கட்டத்தில் இருவரும் சிரித்துவிடுவோம். "இன்னொருக்காச் சொல்லும். இந்தமுறை சிரிக்கமாட்டன்" என்பார்.

சின்னவன் ஞாயிறு பின்னேரம் வந்தான். அன்று குளிர்ச்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். அதைக் கண்டதும் மாமி என்னை ஒருமுறை பார்த்தார். கல்லூரியின் ஒப்புதல் தாளை நீட்டினேன். எல்லோரும் செய்வதுபோல வாசிக்காமல், நின்றபடியே கையெழுத்து வைத்தான் என்றுதான் அப்போது நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் மாமி, ஓரத்தில் நான்.

"வானுக்குள்ள பெரியம்மா என்னை மடியில வைச்சிருந்தவ" என்று தொடங்கினான். "நான் நித்திரை எண்டு எல்லாரும் நினைச்சவை. நான் நித்திரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டிரு, அம்மா நிம்மதியாப் போகட்டும் எண்டு பெரியம்மா காதுக்குள்ள சொன்னவ. நீங்கள் இறங்கின சத்தம் கேட்டுது. அதுக்குப் பிறகு திறந்தனான். பச்சைச் சீலை. அண்ணான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போனீங்கள். எயர்போட் கண்ணாடிக் கதவு வரைக்கும் பாத்துக்கொண்டே இருந்தன். ஒருக்காத் திரும்புவீங்கள் எண்டு."

நிறுத்தினான். "திரும்பேல்லை" என்றான்.

மாமியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தார். சின்னவன் இரு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டு தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது. அதற்குப் பிறகும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நன்றி. முடிஞ்சுது" என்றார் மாமி.

"அவ்வளவுதானோ?"

மாமி தாளைக் குனிந்து பார்த்தார். "ஓம். அவ்வளவுதான்."

அவன் எழுந்து குளிர்ச்சட்டையைப் போட்டான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "இல்லை அண்ணி, ஸ்னோ வரப்போகுது" என்று இறங்கிவிட்டான். சன்னலால் பார்த்தேன். கீழே வாகனத் தரிப்பிடத்தில் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தான். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடிகள், மறுபடியும் முன்கண்ணாடி.

"மாமி, அவர் இன்னும் போகேல்லை. ஒருக்காக் கீழ போய்க் கதையுங்கோவன்."

"எழுதிப்போட்டுப் போறன் பிள்ளை. உடன எழுதச் சொல்லியெல்லோ இருக்கு. மறந்தா அவன் சொன்னது பிழையாப் போயிடும்."

அவன் சொன்ன ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்பதே அந்த நேரத்தில் மாமிக்குப் பெரிதாக இருந்தது. அத்தனை வருடம் கழித்து அவன் தந்தது அவ்வளவுதான். அதைச் சிந்தாமல் வைக்க நினைத்தார். எழுத்து கோணாமல் இரண்டு பக்கம் எழுதினார். கடைசி முற்றுப்புள்ளியை வைத்துவிட்டுச் சன்னலுக்கு வந்தபோது கார் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் நித்திரை எண்டெல்லோ இவ்வளவு காலமும் இருந்திட்டன், பிள்ளை."

அந்தச் செயல்வேலைக்கு முழுப்புள்ளி கிடைத்தது. இத்தனை கட்டுப்பாட்டோடு கேட்பது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம் என்று மிஸ் ஓரத்தில் எழுதியிருந்தார். மற்றத் தாள்களையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிய மாமி, அதை மட்டும் மடித்துத் தன் உறை போட்ட புத்தகத்துக்குள் வைத்துவிட்டார். அதன்பிறகு மூன்று வருடங்கள் இருந்தார். நாங்கள் விட்பிக்குப் பலமுறை போனோம். போகும் வழியெல்லாம் காரின் பின்இருக்கையில் அவரது உதடுகள் அசைவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். வீட்டு வாசலில் அவன் நிற்பான். "பேஸ்மென்ற் எப்ப முடிக்கப்போறாய்?" என்று மாமி கேட்பார். "பாப்பம்" என்பான். பேத்தி ஓடிவருவாள், தேத்தண்ணி வரும், இருட்டுவதற்கு முன் புறப்பட்டுவிடுவோம். திரும்பும் வழியில் மாமியின் உதடுகள் அசைவதில்லை. அன்று திரும்பாதது ஏன், மேசையில் பேசாதது ஏன் என்று நானே அவனிடம் சொல்லட்டுமா என ஒருமுறை கேட்டேன். "வேண்டாம். நான்தான் சொல்லவேணும்" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. காலம் இருக்கிறது என்று நாங்கள் இருவருமே நம்பியிருந்தோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் மாமி போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபின், சின்னவன் அலமாரிக்கு முன்னால் நின்றான். உறை போட்ட புத்தகத்தை எடுத்தான். இனி யாருக்காகக் காத்திருப்பது என்று எண்ணி, நான் சொல்லத் தொடங்கினேன்: "தம்பி, அண்டைக்கு மாமி பேசாமல் இருந்தது அந்தப் பாடத்தின்ர விதி. கேக்கிற ஆள் வாயே திறக்கக்கூடாது..."

"தெரியும் அண்ணி."

அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. உறையில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் கையெழுத்து வைச்ச தாளில எல்லாம் இருந்தது. வாசிச்சிட்டுத்தான் வைச்சனான். அம்மா எந்த விதியையும் மீறமாட்டா எண்டும் தெரியும். எனக்காக ஒருக்கா மீறுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"நான் கீழ நிண்டு ஐஸ் சுரண்டினதைக் கண்டனீங்களோ?"

"ஓம். சன்னலால பாத்தனான்."

"கண்ணாடி துப்புரவாத்தான் இருந்தது, அண்ணி."

உறையின் ஒரு மூலை மடிப்பு விட்டு வெளியே வந்திருந்தது. அதை விரலால் நீவி உள்ளே செருகினான். கொண்டு போகட்டுமா என்று கேட்டான். கொண்டு போகச் சொன்னேன். நடைவழியில் மின்தூக்கிவரை அவன் போவதை வாசலில் நின்று பார்த்தேன். கதவு திறந்தது. உள்ளே ஏறுவதற்கு முன் திரும்பி, புத்தகம் இருந்த கையைச் சற்று உயர்த்திக் காட்டினான். இப்போது எங்கள் அலமாரியில் ஒரு பிரதிதான் நிற்கிறது. உறை இல்லாதது.