தண்ணீர் வராததற்கு அழுத அக்கா

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு. பைப் உடைந்துவிட்டதாம், நாளைக்கும் தண்ணீர் வராதாம். அதற்குக் கீழே ஒருவர் ஸ்டிக்கர் போட்டார் — தலைவிரிகோலமாக, வாயைத் திறந்து கதறும் ஒரு பெண். உடனே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் புவனேஸ்வரி அக்கா.

"தம்பி... குரூப்புல அழுவுறது நான்தானே?"

உற்றுப் பார்த்தேன். அவரேதான். கூடப் பிறந்த தம்பியின் சாவு வீட்டில், பெட்டி மேல் விழுந்து அழுத முகம்.

அது எப்படி ஸ்டிக்கர் ஆனது? அக்காவின் மூத்த சகோதரி மகன் டிலக்சன், சாவு வீட்டைப் படம் படமாக எடுத்து, இணையத்தில் ஆல்பம் போட்டிருந்தான். உலகமே பார்க்கலாம். அதில் யாரோ ஒரு கலைஞர் அக்காவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். இப்போது ஹட்டன் பஸ் லேட் ஆனாலும் அக்கா அழுகிறார். கிரிக்கெட்டில் தோற்றாலும் அழுகிறார். தேங்காய் விலைக்கும் அவர்தான் அழ வேண்டியிருக்கிறது.

டிலக்சனைப் பிடித்தேன்.

"நான் தப்பா ஒன்னும் போடலையே அண்ணே. மாமாவுக்கு எவ்வளவு கூட்டம்னு கொழும்புல இருக்கவங்களும் பாக்கட்டும்னுதான்..."

"சித்திகிட்ட கேட்டியா?"

"சாவு வீட்டுல போயி எப்படிண்ணே கேக்குறது?"

நியாயம்தானே! மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறவரிடம் போய், "சித்தி, எல்லாருக்கும் காட்டவா, ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டுமா?" என்று கேட்க முடியுமா?

ஆனால் அந்த இணையதளம் கேட்டிருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று, யாரும் படிக்காத ஓர் இடத்தில், மிகுந்த அக்கறையோடு. டிலக்சனும் 'சம்மதம்' என்று தட்டிவிட்டான். அக்காவின் முகத்துக்கு அவன் சம்மதம்!

ஸ்டிக்கரை ரிப்போர்ட்டும் செய்து பார்த்தோம். 'எங்கள் விதிகளை எதுவும் மீறவில்லை' என்று பதில் வந்தது. தம்பி செத்ததற்கு அக்கா அழுவது விதிமீறல் இல்லையாம்... நல்ல வேளை! கடைசியில் டிலக்சன் ஆல்பத்தை அழித்தான். ஸ்டிக்கரை யார் அழிப்பது? அது எந்தெந்த ஊர் போனில் உட்கார்ந்திருக்கிறதோ.

லயத்தில் பிரைவசியா என்று நீங்கள் சிரிக்கலாம். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். ஊர் பார்க்க அழுவதற்கு அக்கா கூச்சப்பட்டவரே இல்லை. அன்று பார்த்தவர்கள் எல்லாம் கூடவே அழுதவர்கள்.

அழிப்பதற்கு முன்பு டிலக்சன் அந்த முழுப் படத்தைக் காட்டினான். அக்காவின் தோளிலும் முதுகிலும் நாலைந்து கைகள். விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்த கைகள். கலைஞர் அதையெல்லாம் வெட்டிவிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

முந்தாநாள் கருமாதி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அக்கா வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார். அவர் கண் ஒவ்வொருவர் கையாகப் போனது — யாரிடம் போன் இருக்கிறது என்று.

"அழுதுரு புவனேசு, நெஞ்சுல வச்சிக்காத" என்றார் பக்கத்தில் இருந்த பெண்.

"இருங்கக்கா, வாறேன்" என்று எழுந்து, அடுப்பு இருக்கும் குசினிக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம். தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு கையும் இல்லை.

பிரைவசி செட்டிங் எங்கே இருக்கிறது என்று தேடுகிறீர்களா? எங்கள் லயத்தில் அது குசினிக் கதவுக்கு உள்பக்கம் இருக்கிறது — தாழ்ப்பாள் என்று பெயர்.