கோட்டில் நடக்கச் சொன்னவள்

டாக்டர் படிப்பில் எந்தப் பேராசிரியரும் சொல்லித்தராத பாடம், அடுத்தவர் வாயை மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது. அரசாங்கக் காகிதத்தில் என்றைக்காவது 'சரி பார்த்தேன்' என்று எழுதிவிட்டு, வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். திருவண்ணாமலையில் நான் அரசு டாக்டராக இருந்தபோது அப்படி ஒரு கையெழுத்தில் ஏழுமலை என்ற மினி பஸ் டிரைவரின் லைசென்ஸ் மாட்டிக்கொண்டது. அவருக்கு முன்னால் வந்தவர்களைச் சொன்னால்தான் அது எப்படி என்று புரியும்.

ஊதுங்க

வண்டி ஓட்டுகிறவர் குடித்திருப்பாரோ என்று சந்தேகம் வந்தால் போலீஸ் ஆளை என்னிடம் கூட்டி வரும். ஒரு படிவம் உண்டு. மூச்சில் வாசனை, கண், பேச்சு, நடை. கடைசியில் 'மதுவின் பிடியில் இருக்கிறார்', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். கருவி என்று எதுவும் தரவில்லை. என் மூக்குதான் கருவி, அதற்கு வருஷத்தில் பாதி நாள் ஜலதோஷம்.

ஒருநாள் காய்கறி லாரிக்காரர் ஒருவரை ஊதச் சொன்னேன். வெங்காயம், பீடி, கருவாடு. அதற்கடியில் சாராயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு தடவை என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டதும் அவர் சொன்னார்: "கருவாட்டையும் சேத்து எழுதிக்கங்கம்மா, அதுக்கும் ஒரு ஃபைன் போடட்டும்."

வரப்பு

நடை பார்ப்பதற்கு வராந்தாவில் சாக்பீஸால் பத்தடிக்கு ஒரு கோடு. குதிகாலை ஒட்டி விரல் வைத்து நடக்க வேண்டும். பக்கத்தில் போலீஸ், சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற நோயாளிகள். டீயைத் தவிர எதையும் தொடாத பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மூன்றாவது அடியிலேயே சாய்ந்தார்.

அடி அண்ணாமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் மொபெட்டோடு பிடிபட்டு வந்தார். அவருக்கு முன்னால் அவர் வாசனை வந்துவிட்டது. கோட்டில் விட்டோம். நூல் பிடித்த மாதிரி போனார், திரும்பினார், அதே மாதிரி வந்தார். கூட வந்த ஏட்டு குனிந்து கோட்டைப் பார்த்தார். "இருவது வருசமா போட்டுக்கினு வரப்பு மேல வூட்டுக்குப் போறவன் ஏட்டய்யா, சிமிட்டித் தரையில என்னா கஷ்டம்?"

இதையெல்லாம் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தரையில் இருந்தது

சித்திரை பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஏழுமலையைக் கூட்டி வந்தார்கள். மினி பஸ் ஓர் இளநீர் வண்டியை உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. கண் சிவந்திருந்தது. வாயில் புளித்த வாடை. வயிற்றுக்கு அரிஷ்டம் குடித்தேன் என்றார். கோட்டில் நிற்கவே தடுமாறினார். "அம்மா, காலு..." என்று ஆரம்பித்தவரை ஏட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று அடக்கினார். வெளியே எனக்காக நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். 'இருக்கிறார்' என்பதை விட்டு மற்றதை அடித்தேன்.

ஜீப் போன பிறகு வராந்தாவைத் துடைக்க வந்த ஆயா என்னைக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் அவளிடம் சொன்னார்களாம்: ஏழுமலை முந்தின நாள் தார் ரோட்டில், வெயிலில், வெறுங்காலோடு கிரிவலம் போனவராம். அதற்குப் பிறகு விடிய விடியக் கூட்டத்துக்கு டிரிப் அடித்திருக்கிறார். தூங்காமல் ஓட்டியதற்கு அவரைத் திட்டியிருக்கலாம். குடித்தார் என்று எழுதியிருக்கக் கூடாது. ஆயா தரையைக் காட்டினாள்: "கோட்டு மேல பூரா ரத்தமா கீதே டாக்டரம்மா, அந்த ஆளு காலைப் பாத்தீங்களா?"

கூண்டு

அன்றே ஸ்டேஷனுக்குப் போன் செய்து திருத்தியிருக்கலாம். போட்ட கையெழுத்தை அடிக்கிற தைரியம் வரவில்லை. லைசென்ஸ் கோர்ட்டில் கிடக்க, ஏழுமலை நாலு மாதம் மண்டியில் மூட்டை தூக்கினார். பிறகு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல், "டாக்டரின் அறிவியல்பூர்வமான பரிசோதனை" என்று தொடங்கினார். அறிவியல் என்றால் யார் செய்தாலும், எத்தனை தடவை செய்தாலும் ஒரே விடை வர வேண்டும். ஒரு சாக்பீஸ் கோடும் ஒரு கிழவியாகப் போகிறவளின் மூக்கும் அப்படி விடை சொல்லாது.

மாஜிஸ்திரேட் கேட்டார்: "இது சயின்ஸா, உங்க அபிப்பிராயமா?" "அபிப்பிராயம்தாங்க. அதுவும் தப்பான அபிப்பிராயம். ரத்தம் எடுத்து சோதனைக்கு அனுப்பியிருந்தா சயின்ஸ். நான் எடுக்கல. அவர் பாதத்தைக்கூடப் பாக்கல" என்றேன். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஏழுமலையின் இளம் வக்கீல் வெளியே வந்து அலுத்துக்கொண்டார்: "நாப்பது கேள்வி எழுதி வெச்சிருந்தேன் மேடம், ஒண்ணக்கூட கேக்க விடலையே!"

ரத்தப் பாட்டில்

அதற்குப் பிறகு நான் 'முடிவு' எழுதுவதை நிறுத்தினேன். பார்த்ததை மட்டும் எழுதினேன். சந்தேகம் என்றால் ஊசி, பாட்டில், சீல். ஏட்டு நொந்துபோனார்: "ஒருத்தன் குடிச்சிருக்கான்னு நீங்க சொல்றதுக்குள்ள அவன் தெளிஞ்சி, நல்லவனாகி, வூட்டுக்கே போயிடறாம்மா."

ஒரு காப்பி

வழக்கு தள்ளுபடியான அன்று கோர்ட் வாசலில் ஏழுமலை என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தீர்ப்பில் ஒரு காப்பி பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்குமா என்று கேட்டார். ஆறாவது படிக்கிற மகளை வகுப்பில் 'குடிகாரன் பொண்ணு' என்கிறார்களாம். எந்த நீதிமன்றமும் அவ்வளவு தூரம் போகாது. அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அவர் குடிக்கவில்லை, தவறு என்னுடையது என்று டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வேங்கிக்கால் போக அவர் பஸ்ஸில் ஏறினேன். பொண்ணு இப்போது அழாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கியர் மாற்றியபடியே சிரித்தார்: "எளுத்து இவ்ளோ தெளிவா கீதே, நெஜமாவே டாக்டர்தான் எழுதினாங்களான்னு கேட்டாங்கம்மா."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் சரியாகக் கண்டுபிடித்த நோய்கள் கொஞ்சம், 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டிய இடங்கள்தான் ஜாஸ்தி.