பால் காய்ச்சாத வீடுகள்

மலாக்காவுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது கடலோ கோட்டையோ அல்ல, எங்கள் ஆபீசின் தட்டைக் கூரை. பிற்பகல்தோறும் மழை கொட்டும். விட்டதும் பியூன் பாக் மான் துடைப்பத்தோடு ஏணியில் ஏறி, தேங்கிய தண்ணீரைத் தள்ளிக் கீழே விடுவார். "ஹூஜான் லாகி லா" என்று அலுத்துக்கொள்வார். மறுபடியும் மழை என்று அர்த்தம். நம் ஊர் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கலாம். இங்கே தவளைதான் வளர்க்கலாம். பக்கத்துக் கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், வீடுகள் சரிந்த கூரையோடு ஒரு சொட்டையும் தங்கவிடாமல் நிற்கின்றன. ஆனால் எங்கள் துரைக்கு, அதாவது நான் படம் வரையும் கட்டடக்கலை ஆபீசின் வெள்ளைக்கார முதலாளிக்கு, தட்டைக் கூரைதான் நவீனம். அந்த நவீனத்தைத் தினமும் பெருக்குவது பாக் மானின் தலையெழுத்து.

திருச்சியில் படம் வரையக் கற்றுக் கப்பல் ஏறியவன் நான். நவீனக் கட்டடக்கலையின் வரலாறு முழுவதையும் துரையின் வாயால்தான் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாகச் சொல்வார். ஐரோப்பாவில் ஆலைத் தொழிலாளர்கள் இருட்டறைகளில் இருமிச் செத்தார்களாம். அவர்களுக்குக் காற்றும் வெயிலும் கொடுக்கத்தான் பெரிய ஜன்னலும் வெள்ளைச் சுவரும் வந்தனவாம். பூவேலை, சிங்கமுகம் எல்லாம் வீண்; பெண்களின் முதுகை ஒடிக்கும் தனி அடுப்புகூட வீண்; நூறு குடும்பத்துக்கு ஒரு பொதுச் சமையலறை போதும். கேட்டபோது எனக்கும் புல்லரித்தது. தொழிலாளிக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று ஊருக்குக்கூட எழுதினேன்.

பிறகு மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் அவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ரப்பர் தோட்டத்து ஜனங்களை முள்வேலிக்குள் அடைக்க ஆரம்பித்தார்கள். டுரியான் துங்கால் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, இடித்து, எல்லாரையும் ஒரே வேலிக்குள் குடிவைக்க வேண்டும். வீட்டில் அரிசி இருக்கக் கூடாது, அடுப்பு எரியக் கூடாது. வெந்த சோறு பொதுக் கொட்டகையிலிருந்து காவலோடு வரும். உத்தரவைப் படித்த துரை துள்ளிக் குதிக்காத குறைதான். "ஐரோப்பாவில் கனவாகவே நின்றுபோனதை நாம் இங்கே கட்டப்போகிறோம்" என்றார். அடுப்பில்லாத வீடுகளை வரிசை வரிசையாக வரைந்தேன். எல்லா வாசலும் காவல் கோபுரத்தைப் பார்த்தபடி. ஐரோப்பாவில் தொழிலாளி கேட்டு வாங்கிய வெளிச்சம், இங்கே அவன் முகத்தில் அடிக்கும் சர்ச்லைட்.

குடியேறிய வாரம் துரையோடு பார்க்கப் போனேன். அறைகள் எல்லாம் காலி. ஜனங்கள் சட்டி பானை, பாயோடு வாசலை ஒட்டிய அஞ்சடியில், அந்த ஐந்தடி அகல முன்தாழ்வாரத்தில், கிடந்தார்கள். சாரல் அடித்துப் பாயெல்லாம் நனைந்திருந்தது. அஞ்சலை என்ற ரப்பர் பால்வெட்டுக்காரப் பெண் நிறைமாத வயிற்றோடு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே போகலையாம்மா?" என்றேன்.

"எப்பிடிங்கய்யா போறது? பால் காய்ச்சாத வூட்டுல யாராச்சும் படுப்பாங்களா? காய்ச்சலாம்னா அடுப்பில்ல. பொகை தெரிஞ்சா சோத்த நிறுத்திப்புடுவேன்னு காவக்காரன் சொல்றான். எம்புள்ள அந்த வூட்டுக்குள்ளதான் பொறக்கணும்யா. ஒரு நாளு, ஒரு செம்புப் பாலு, அவ்ளோதான். தொரைகிட்ட கேளுங்கய்யா."

துரையிடம் சொன்னேன்: "இவர்களுக்கு அடுப்பு வேண்டும்."

"பசியா? சோறுதான் வருகிறதே."

"பசியில்லை. புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும்."

"குழந்தைகளுக்குப் பாலா? பால் பவுடர் அனுப்பச் சொல்கிறேன்" என்றார் அன்போடு. பிறகு அஞ்சடி முழுக்க ஜனம் கிடப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தார். "பார்த்தாயா, திறந்த வெளியில் வாழ்வதை யாரும் கற்றுக்கொடுக்காமலே புரிந்துகொண்டார்கள்!" காமிராவை எடுத்தார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் கத்தினேன். சம்பளம் கொடுப்பவரிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் நெருப்பு மூட்ட அனுமதி வாங்கித் தாருங்கள் என்றேன். போலீஸ் விஷயத்தில் தலையிட முடியாது என்றார். மேலும், ஒரு வீட்டுக்கு அடுப்பு என்று ஆரம்பித்தால் திட்டத்தின் கருத்தே சிதைந்துவிடுமாம். நூறு வீட்டில் ஒருவரும் கால் வைக்கவில்லை, இவருக்குக் கருத்து சிதைகிறதாம்! பாழாய்ப்போன கருத்து!

அஞ்சலையின் பிள்ளை அஞ்சடியிலேயே பிறந்தது. பெண்கள் சுற்றிலும் சாக்கைப் பிடித்துச் சுவராக நின்றார்களாம். மழையும் சர்ச்லைட்டும் சாக்கு வழியே உள்ளே வந்தனவாம். முதுகுக்குப் பின்னால் துரையின் வெள்ளைச் சுவரும் காலி அறையும் இருந்தன. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் தெய்வம் விட்ட வழி, எங்கள் கட்டடக்கலை அல்ல. சில மாதம் கழித்து லண்டன் பத்திரிகை ஒன்றில் துரையின் படம் வந்தது. திறந்தவெளி வாழ்வை மகிழ்ந்து ஏற்கும் தோட்ட மக்கள் என்று கீழே எழுதியிருந்தது. ஓரத்தில், சாக்கின்மேல், வயிற்றைப் பிடித்தபடி அஞ்சலை.

பிள்ளையைப் பார்க்கப் போனேன். அவள் என்மேல் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஐயா டவுன்ல மாடி வூட்டுல இருக்கீங்களாமே, பால் காய்ச்சித்தானே குடிபோனீங்க?" என்று மட்டும் கேட்டாள். கடைக்கு மேலே அந்த வாடகை அறையில் இத்தனை வருஷமாகத் தினமும் சமைக்கிறேன். பால் காய்ச்சிக் குடிபுகத் தோன்றியதே இல்லை. வீடு திருச்சியில் இருக்கிறது, இது தங்குமிடம் என்றே இருந்துவிட்டேன். என்னை எந்த வேலியும் தடுக்கவில்லை.

அன்று வரும் வழியில் சின்ன வெண்கலப் பானை ஒன்று வாங்கினேன். மண்ணெண்ணெய் அடுப்பைக் கிழக்கே பார்த்து வைத்தேன். பால் சூடேறி, நுரை கட்டி, பானையின் விளிம்புவரை எழும்பி வந்தது. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் பொங்கியிருக்கும். பொங்கினால் இதுவே என் வீடு என்றாகிவிடும். கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது.