ஒரு நாள்கூட விடாத நோன்பு

என் மூத்த பெண் ஒரு நாள்கூட நோன்பை விடுவதில்லை என்று புதுப்பட்டினம் கடைத்தெரு முழுக்கப் பெருமையடித்தவள் நான். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவில் கால் வைப்பதில்லை. கொல்லை வேலிக்கு மேலே தலையை நீட்டி இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகளிடமும் சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வாய் நீளம். அந்த வாயை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. என் வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு அத்தா, தெருமுனையில் கயிறும் வலைநூலும் மண்ணெண்ணெயும் விற்கும் கடை வைத்திருந்தார். இரண்டு பெண்கள். மூத்தவள் எட்டாவது படிக்கும்போது பெரியவளானாள். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. எனக்கும் அப்படித்தான் நின்றது, என் நாத்தனார்களுக்கும் அப்படித்தான். பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்கு வருவாள், நாலு நாள் அழுவாள், சரியாகிவிடும் என்று இருந்தேன்.

அவள் அழவில்லை. கேட்டாள்.

"பரீட்சை வரிக்குமாவது போய்ட்டு வரேம்மா. அத்தாகிட்ட நீ சொல்லேன்."

முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை திட்டினேன். மூன்றாம் தடவை கையில் மாவு ஒட்டியிருக்கும்போதே கன்னத்தில் ஒன்று விட்டேன். மாவை அவள் துடைக்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு எதையுமே கேட்கவில்லை.

வீட்டில் சத்தம் குறைந்தது. தங்கையோடு சண்டை இல்லை, எதிர்த்த பேச்சு இல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்குத்தான் திரும்புவாள். வந்துபோன நாத்தனார், "இன்னா அடக்கம் உன் பொண்ணுக்கு! கீறாளா இல்லியான்னே தெரியல வூட்டுல" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை என்றால் எழுந்துபோய் மகளைப் பார்க்க வேண்டாமா ஒரு தாய்? நான் நாத்தனாருக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுத்தேன்.

அந்த வருஷம் ரமலான் நல்ல வெயிலில் வந்தது. முப்பதும் முடிந்து பெருநாளும் போனது. விலக்கான நாட்களில் விட்டுப்போன நோன்புகளைப் பெண்கள் பிறகு பிடித்து நிரப்புவது வழக்கம். அவளும் பிடித்தாள். அதன்பின் பெருநாள் மாதத்தில் விருப்பமுள்ளவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பையும் பிடித்தாள். அதன்பின் திங்களும் வியாழனும் என்றாள். எப்போது அது தினமும் ஆனது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது பூரித்துத்தான் போனேன். இந்த வயதில் யாருக்கு இந்தப் பக்தி வரும்? என் கை அவள் தலையைத் தடவியதெல்லாம் அந்த மாதங்களில்தான்.

மாலையில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுப்பாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவாள். காலியாக வரும். இளையவள் அந்தச் சமயம் பார்த்து அவள் பின்னாலேயே ஓடுவாள். இளையவளுக்கு உடம்பு வைத்துக்கொண்டே வந்தது. "அக்காவப் பாரு, எப்டிகீறா! நீ தின்னுகினே இரு" என்று அவளைக் கிண்டல் செய்வேன். இரண்டு பிள்ளைகளின் கஞ்சியையும் இளையவள்தான் குடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பக்ரீத் அன்றைக்கு நோன்பு வைக்கக் கூடாது. அன்றும் அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. பார்த்தேன். மனதில் ஏதோ நெருடியது. ஆனால் கறியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன், வாசலில் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் கேட்கலாம் என்று விட்டவள்தான்.

மழை ஆரம்பிக்கும் முன்பு ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தாள். ஒற்றை ஆளாக நானே தூக்கிவிட்டேன். தண்ணீர்க் குடம்கூட அதைவிடக் கனக்கும். தாவணிக்குள் வெறும் எலும்பு. அந்த நிமிஷம் வரை துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஆளைப் பிடித்து, வண்டியைப் பிடித்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. வயதானவர், சுருக்கமாகப் பேசுவார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான், இத்தனைக்குப் பிறகும், நோன்பைச் சொன்னேன். மூணு மாசமாக ஒரு நாள்கூட விடவில்லை என்று சொன்னேன். என் குரலில் பெருமை இருந்தது. என் காதாலேயே கேட்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஒரு நாள் கூடவா? மாசம் மாசம் விலக்கு வருமே, அந்த நாள்ல?"

விலக்கான நாளில் நோன்பு கிடையாது, தொழுகை கிடையாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பெண் இருக்கும் எந்த வீட்டிலும் மாதத்தில் சில நாள் நோன்பு நின்றே ஆக வேண்டும். என் வீட்டில் நிற்கவில்லை. உடம்பு வற்றி, விலக்கே நின்றுபோயிருக்கிறது. அதைத்தான் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் மகளின் நோயை என் வாயாலேயே தண்டோரா போட்டேன். கேட்ட பெண்களும் ஒருத்திக்குமே உறைக்காமல் மாஷா அல்லா என்றார்கள்.

"மனசுல இன்னா கஷ்டம்னு கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

கட்டிலில் உட்கார்ந்து கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. "நோம்பும்மா" என்றாள்.

"உடம்பு முடியாதவங்களுக்கு நோம்பு இல்லடி கண்ணு. குடி. நீ பள்ளிக்கூடம் போலாம், அத்தாவ நான் பேசிக்கிறேன். எந்த ஊர் பள்ளிக்கூடம்னாலும் சேத்துடறேன். குடிடி."

என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நோம்பு வச்சாதாம்மா நீ என்கிட்ட நல்லா பேசற" என்றாள்.

நான்காம் நாள் பகலில், நர்ஸ் நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

இறந்தவளுக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். என்னை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கு ஆள் தேற்றினார்கள். "நோம்பு வாயோட போன புள்ள. சொர்க்கத்துல நோம்பாளிங்களுக்குன்னு தனி வாசல் கீதாம். அது வழியா நேரா போயிருப்பா." நான் தலையாட்டினேன். வெட்கம்கெட்டவள், எனக்கு அது இதமாக இருந்தது. யாரோ எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளை சாப்பிட்டாளா என்று இளையவளைத் தேடினேன். கதவோரத்தில் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். பத்து வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"வாடி, ஒரு வாய் சாப்புடு."

"நான் நோம்பும்மா" என்றாள்.

அவளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று கூட்டத்தின் நடுவே இழுத்துவந்தேன். தாடையைப் பிடித்துச் சோற்றைத் திணித்தேன். "உங்க அக்கா நோம்பு வச்சி சாவலடி! பட்னி கெடந்து செத்தா! நான் பாத்துகினே இருந்தேன்!" என்று கத்தினேன். நாத்தனார் என் வாயைப் பொத்தினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளை அழுதுகொண்டே மென்றாள். விழுங்கும்வரை நான் தாடையை விடவில்லை.

அதிலிருந்து அவள் கல்யாணமாகிப் போகும்வரை ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பருக்கை மீதி வைத்ததில்லை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள். பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். அக்கா ஞாபகம் வருகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். நான் என்ன பதிலை விரும்புவேன் என்று யோசித்துத்தான் ஒவ்வொன்றையும் சொன்னாள். அவளுக்கு ஒரு நாளாவது பசித்ததா என்று எனக்குத் தெரியாது.