தந்தியில் வந்த பிறை

1921 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை விடியுமுன், என் தாய்மாமன் சத்தார் ஆம்பூர் ஸ்டேஷனில் பட்டணம் போகும் வண்டியில் ஏறினார். ரமலானில் இருபத்தொன்பது நோன்பு முடிந்திருந்தது. அன்று முப்பதாவது நோன்பா, பெருநாளா என்று ஊருக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். உறுதியாக எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பது மாமுவின் வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்தால், மாட்டை உண்ணி கடித்த வடுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பித்தான் பள்ளிவாசலில் பிறை தெரிகிறதா என்றும் அவரைக் கேட்டார்கள். நோன்பு நாளில் சாப்பிட்டால் பாவம். பெருநாளில் நோன்பு வைத்தாலும் பாவம். எந்தப் பக்கம் தவறினாலும் ஊரின் பாவம் தன் நாக்கில் என்று மாமு பயந்தார்.

செவ்வாய் மாலை மேற்கே மேகம். “தெரியல” என்றார். ஊர் இன்னொரு நோன்புக்குத் தயாரானது. சற்று நேரத்தில் பட்டணத்திலிருந்து ஒரு வியாபாரிக்குத் தந்தி வந்தது: பிறை தெரிந்தது, நாளை ஈத்.

“சாட்சின்னா ஆள் முன்னாடி வந்து நிக்கணும். கம்பிக்கு ஏது முகம்?” என்றார் மாமு.

“உங்கண்ணன் மவுத்தான தந்திக்கு மட்டும் முகம் இருந்திச்சா? அத நம்பித்தானே அழுதீங்க?” என்றாள் பில்கிஸ் மாமி.

மாமு நேரே ஸ்டேஷனுக்குப் போய், தந்தி கிளார்க் ராமமூர்த்தியிடம் நின்றார். அங்கே நடந்ததை மாமுவே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“இத அனுப்புன ஆள நீங்க பாத்திருக்கீங்களா, ஐயரே?”

“இல்ல பாய். ஆனா அந்தப் பக்கம் கம்பில தட்டுறவன, தட்டுறதுலயே தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்புறம் கொஞ்சம் தயங்குவான். பொண்டாட்டிகூட சண்டைன்னா வேகமா தட்டுவான்.”

“பாக்காத ஆள எப்படி நம்பறீங்க?”

“தட்டுனவன நம்பறேன். பிறை பாத்தவன் யாரோ, எனக்கு இன்னா தெரியும்?”

முகம் பார்க்காமலும் ஒருவனை அறியலாம் என்பதை மாமு அதுவரை யோசித்ததில்லை. பள்ளிவாசலுக்கு வந்து, “நான் பாக்கல. ஆனா அவங்க பாத்திருக்க மாட்டாங்கன்னு சொல்ல என்னால ஆவாது” என்றார். ஊர் இரண்டானது.

அன்றிரவு மாமுவுக்கு ஒரு யோசனை வந்தது: பயணத்தில் இருப்பவருக்கு நோன்பு கட்டாயமில்லை, பிறகு வைத்துக்கொள்ளலாம். விடியுமுன் கிளம்பிவிட்டால் அன்று நோன்பானாலும் பெருநாளானாலும் அவர்மேல் குற்றமில்லை. போகிற இடத்தில் பிறை பார்த்தவரையும் நேரில் கேட்டுவிடலாம்.

“உங்களுக்கு மட்டும் வழி கண்டுபிடிச்சிட்டீங்க. நான் பெருநாள் சேமியாவ வேக வைக்கவா, வேணாமா?” என்றாள் மாமி.

“ஒரு நாள் பொறு.”

“நான் பொறுப்பேன். பால் பொறுக்காது.”

பட்டணத்தில் பெரியமேட்டுத் தோல் மண்டிகள் மூடியிருந்தன. எல்லோரும் புதுச்சட்டையில் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மாமுவைக் கட்டிக்கொண்டு ஈத் முபாரக் சொன்னார். “உங்களுக்கு முபாரக்” என்றார் மாமு. தனக்கும் அன்று பெருநாள்தானா என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறை பார்த்தவர் வாஹித் பாஷா. அத்தர் விற்கிறவர். எங்கே, எந்தப் பக்கம் வளைந்திருந்தது, எவ்வளவு நேரம் என்று மாமு கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் நின்ற இருவர், தங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். அவர்கள் முகத்திலும் பொய் இல்லை. முகத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று போனவர், கூடுதலாகக் குழம்பி ஊர் திரும்பினார்.

“நாங்க பெருநாள்ல நோன்பு வச்சுட்டமா?” என்று ஒரு கூட்டம் கேட்டது. “நாங்க நோன்ப விட்டுட்டமா?” என்று இன்னொரு கூட்டம்.

“தெரியல. அவரு பொய்யர் இல்ல. நானும் இல்ல.”

“இத சொல்லவா ரயிலுக்குக் காசு குடுத்த?” என்று யாரோ சிரித்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அவரைக் கேட்பது குறைந்தது. அவரோ ஒவ்வொரு வருஷமும் பிறை தேடிப் பார்த்த கையோடு ஸ்டேஷனுக்குப் போய் ராமமூர்த்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நம்பத்தான் உட்கார்ந்தாரா, சந்தேகப்படவா என்று மாமிக்கே புரியவில்லை.

பிறகு நான் கணவரோடு ஏடன், பஸ்ரா, கராச்சி என்று சுற்றினேன். ஒரு வருஷம் ஏடன் துறைமுகத்தில் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்த கப்பலில் அன்றும் நோன்பு. மாமுவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டிருந்தாலும் தெரியல என்றுதான் சொல்லியிருப்பார்.

1936 டிசம்பரில், கராச்சியில், இருபத்தொன்பதாம் நோன்பு மாலை மாடியிலிருந்து மேற்கே பார்த்தேன். மயிரிழைபோல ஏதோ தெரிந்தது. கணவர் ஒன்றும் இல்லை என்றார். மறுபடி பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை. கீழே இறங்கி வந்தபோது ஆம்பூரிலிருந்து தந்தி வந்திருந்தது:

“இங்கே மழை. பிறை தெரிந்ததா? நீயே பார்த்தாயா? பக்கத்தில் நின்றவர் பார்த்தாரா? சத்தார்.”