அம்மன் படத்தில் பூத்த விபூதி

பஜனைக்கு வரும் அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். யாராவது இதை வாசித்துவிடுங்கள்.

போன ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரை விடவில்லை. பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கூரைத் தகரம் ஒழுகி, நாங்கள் குடியிருக்கும் காம்பராச் சுவர் முழுவதும் ஈரம். என் மனைவி செல்வராணிக்கு இருமல் வந்தது. பிறகு இளைப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். குளிர் படக்கூடாது என்று, இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்தேன்.

அந்த நேரத்தில்தான் மாரியம்மன் படத்தின் சட்டத்தில் வெள்ளையாகப் பொடி பூத்தது. பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்கா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"விபூதி கொட்டுதுடா தம்பி! ஆத்தா வந்துட்டா, இனி பயமில்ல."

லயமே வந்து கும்பிட்டது. தினமும் அதை வழித்து அவள் நெற்றியில் பூசினேன். நாக்கிலும் வைத்தேன்.

அவளுக்கு இன்னும் கூடியது. அடுப்படிக்குப் போய்வரவே மூச்சு வாங்கினாள். ஒரு நாள் உதடு நீலமாகிவிட்டது. "நான் போயிட்டா புள்ளைங்கள ஏசாதீங்க" என்றாள். நான் ஏசுகிறவன் இல்லை. அது அவளுக்கும் தெரியும். படத்தின் முன் விழுந்து அழுதேன்.

"ஆத்தா, விபூதி குடுத்த, மூச்சக் குடுக்கலயே. நான் என்ன செய்யணும்னு யார் வாயாலயாவது சொல்லு."

வேறு மாதிரி வேண்ட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வார்டில் வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா கேட்டார்:

"வீட்டுச் சுவர்ல பூஞ்சணம் இருக்கா?"

"இல்லைங்கம்மா. எங்க வீட்டுல ஆத்தா படத்துல விபூதிதான் கொட்டுது."

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் படத்தத் திருப்பிப் பாருங்கண்ணே" என்றார்.

வந்து திருப்பினேன். பின் அட்டை முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். சுவரில் கறுப்பு. நனைந்த சாக்கு நாற்றம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதைத்தானே அவள் வாயில் வைத்தேன். டாக்டரம்மா வாயால் வந்ததுதான் நான் கேட்ட பதில் என்று அழுது முடித்த பிறகே விளங்கியது.

பலகையைக் கழற்றினேன். தகர ஓட்டைக்குத் தார் பூசினேன். சுவரைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன். படத்தைத் துடைத்து, வெயில் விழும் முன்வாசல் இஸ்தோப்பில் மாட்டினேன். டாக்டரம்மா தந்த, வாயால் இழுக்கிற மருந்தோடு வீடு வந்தவள் மெல்லத் தேறினாள். மழை நாளில் இன்னும் இழுக்கிறது. ஆனாலும் கொழுந்தெடுக்கப் போகிறாள்.

ராக்காயி அக்காவுக்குக் கோபம். "ஏன்டா, ஆத்தாவையே வெளிய தள்ளிட்டியா?"

செல்வராணி சொன்னாள்: "எனக்கு மூச்சு முட்டுன மாதிரிதானே ஆத்தாவுக்கும் முட்டியிருக்கும் அக்கா."

நம்பிக் கேளுங்கள். பதில் யார் வாயில் வந்தாலும் காது கொடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் சாமி படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பங்குனி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.