கோல்ஃப் மட்டைக்கு அளவு கொடுக்கக் கோலாலம்பூருக்கு மூன்று நடை

கோல்ஃப் மட்டையை ஆளுக்குத் தகுந்த அளவில் செய்து வாங்குவது அவசியமா, கிடைத்ததை வைத்து ஆடினால் போதாதா என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் நான் போய்வந்த கதையை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கிள்ளானுக்கு ஏழு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் பெரிய துரை பழைய மரங்களை வெட்டிய சரிவில் ஐந்து குழிகளோடு சின்னதாக ஒரு கோல்ஃப் திடல் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவருடைய விருந்தாளிகளும் வரும்வரை, அதாவது காலை எட்டு மணி வரை, உத்தியோகஸ்தர்களும் ஆடிக்கொள்ளலாம் என்று அனுமதி. உத்தியோகஸ்தர்கள் என்றால் நானும் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் சவரிமுத்துவும்தான். மற்றவர்கள் புத்தியாகத் தூங்குகிறார்கள்.

நான் ஆடிய மட்டைகள், முன்பு இங்கிருந்த சின்னத் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனவை. அவர் என் தோளுக்குக்கூட வரமாட்டார். அவருடைய மட்டையைப் பிடித்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவனைப்போல் நான் குனிய வேண்டும். மூன்று வருடம் அப்படிக் குனிந்து ஆடியதில் இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து குடியேறிவிட்டது. ஞாயிறு ஆடினால் புதன்கிழமை வரை நாற்காலியிலிருந்து எழும்போது மேஜையைப் பிடித்துக்கொள்வேன்.

"என்கிட்ட இருக்கிற தைலம் எல்லாம் தீர்ந்துபோச்சுண்ணே," என்றார் சவரிமுத்து. "ஒண்ணு உங்க அளவுக்கு மட்ட செஞ்சுக்கங்க. இல்ல, ஆட்டத்த விட்டுடுங்க. ரெண்டும் இல்லாம என்கிட்ட வராதீங்க."

ஆட்டத்தை விடுவது நடக்காத காரியம். வாரம் முழுவதும் ரப்பர் பால் எடை போடும் இடத்தில் ஒருவர் கூப்பிடுவார், ஆபீஸில் துரை கூப்பிடுவார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் வாசலில் ஒருவர் வழக்கோடு நிற்பார். ஞாயிறு காலை அந்தச் சரிவில் மட்டும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் மீதி வாரத்தைத் தள்ளுகிறேன். அதுவும் போய்விடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் நடை போனேன். கிள்ளான் ரயிலடி வரைக்கும் ரப்பர் ஏற்றும் லோரியில் இடம் கிடைத்தது. காசு மிச்சம்தான், ஆனால் புகைபோட்ட ரப்பரின் வாடை சட்டையில் ஏறிக்கொண்டு நாள் முழுவதும் கூடவே வரும். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துப் போங்கள். ஏழே முக்கால் ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு அறுபது காசு. மரப் பலகை இருக்கை. இருபத்தொரு மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். நாள் முழுவதும் அதைத்தான் பார்க்கிறோம், லீவு போட்டும் அதையே பார்க்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூர் ரயிலடியிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரிக்‌ஷா வேண்டாம். ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரமாகவே நடந்தால் கால் மணி நேரம். நான் தேடிப்போனது ஒரு நாகூர்க்காரரின் கடை. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். முன்பு பினாங்கில் வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் மட்டை பழுது பார்த்தவர். இப்போது ஜவுளிக்கடைக்கும் கோப்பிக்கடைக்கும் நடுவில் சொந்தமாக உட்கார்ந்து, சீமையிலிருந்து இரும்புத் தலையும் ஹிக்கரி மரக் கம்பும் தருவித்து, அளவுக்கு அறுத்துப் பொருத்தித் தருகிறார். இப்போது எஃகுக் கம்பும் வருகிறது. அதைக் காட்டினாரே தவிர விற்க அவருக்கு மனமில்லை.

முன்கடையில் சாமான்கள். அளவெடுப்பது உள்ளறையில். அங்கே புதுக் கோரைப்பாய் ஒன்று விரித்திருந்தது. பகலில் அதில் உட்கார்ந்துதான் நானா கைப்பிடிக்குத் தோல் சுற்றுவார். நான் சப்பாத்தைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பாயின்மேல் நின்றேன்.

"கைய தொங்கப்போடுங்க. எட்டிப் பாக்காதீங்க, நேரா நில்லுங்க," என்றார் நானா. மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் நாடாவை விட்டார். பிறகு பழைய மட்டை ஒன்றைக் கையில் கொடுத்து வீசச் சொன்னார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் இது நடந்தது. இவ்வளவு நேரம் ஒருவர் என்னையே கவனித்துப் பார்த்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு நினைவில்லை.

"ஒங்க ஒடம்புக்கு நீங்க இப்ப ஆடுற மட்ட ஊதுபத்திதான்," என்று சிரித்தார். "ரெண்டு வாரம் குடுங்க. நாலு மட்ட, இருவத்தாறு வெள்ளி." பணத்தைக் கொடுத்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் லோரி இல்லை. சைக்கிள் ஒன்றின் பின்னால் தொத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் நடை மட்டைகளை வாங்கிவர மட்டும். சுமை கூடுதல், சொல்ல ஒன்றும் இல்லை. ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "இதெல்லாம் மீன் பிடிக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திடலுக்குப் போனேன். முதல் வீச்சில் பந்தின் உச்சியைத்தான் தட்டினேன். அது நாலு முழம் உருண்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குக் கொஞ்சம் குனிந்தேன், பந்து போயிற்று. ஆனால் குனிந்தாயிற்று. பழைய மட்டை அளவுக்கு இல்லை என்றாலும் குனிவு குனிவுதான். மூன்றாம் குழிக்குப் போவதற்குள் முதுகு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

"அளவு எடுத்துத்தான செஞ்சாரு?" என்றார் சவரிமுத்து.

"எடுத்தாரு."

"அப்புறம் எப்படிண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் மூன்றாம் நடை. போகும் வழி முழுவதும் என்ன சொல்லித் திட்டுவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். ரயில் பெட்டாலிங்கில் அரை மணி நேரம் நின்றது. காரணம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கடைக்குள் நுழைந்தபோது வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக உள்ளறைக்குப் போய் மட்டைகளைப் பாயில் போட்டேன்.

"இது எனக்கு அறுத்ததா, வேற யாருக்காச்சும் அறுத்ததா நானா?"

அவர் நாடாவை எடுத்தார். "நில்லுங்க," என்றார். மணிக்கட்டிலிருந்து தரைக்கு விட்டார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடியும் விட்டார். சுவரில் கரியால் எழுதியிருந்த என்னுடைய பழைய அளவைப் பார்த்தார்.

"ஒண்ணேகால் இஞ்சு கூட வருதே. இந்த வயசுல வளருறீங்களா?"

அளந்த இடத்தில் அவர் குனிந்தபடியே இருந்தார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். என் காலில் சப்பாத்து இருந்தது. கோபத்தில் அதைக் கழற்ற மறந்து அவருடைய கோரைப்பாயை மிதித்துக்கொண்டு நின்றேன். எடுப்பான குதிகாலும் கனத்த தோல் அடியும் வைத்த சப்பாத்து. ஆடும்போது போடுவதும் அதுதான். முதல் நாள் அதைத்தான் படியோரம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நானா பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "எத்தன தொரைமார அளந்திருக்கேன். ஒருத்தர்கூட வாசல்ல சப்பாத்த கழட்டினதில்ல. அப்படியே மிதிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. அவங்க போனதும் நான் பாய தட்டிப் போடுவேன். நீங்க கழட்டிட்டு வந்தீங்க. நல்ல மனுசன்னு நெனச்சேன். அளவு கெட்டுப்போகும்னு தோணல."

"பாய் விரிச்சிருக்கு. எப்படி மிதிக்கிறது?"

"அதான் சொல்றேன்."

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். அறுத்த மரத்தை இழுத்து நீட்ட முடியாது. புதுக் கம்பு கப்பலில் வர மூன்று மாதம் ஆகும், விலையும் முக்கால்வாசி மறுபடி ஆகும் என்றார். பாதி தன் தலையில் என்றும் சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து எனக்குக் கோப்பி வரவழைத்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அது வரைக்கும் வெறுங்கால்ல ஆடிப் பாருங்க. அந்த அளவுதானே."

அடுத்த ஞாயிறு ஆடிப் பார்த்தேன். பனி ஈரம் பாதத்தில் ஏறியது. முட்செடிக்கும் அட்டைக்கும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் மட்டை கையில் வந்து உட்கார்ந்தது. எங்கேயும் குனிய வேண்டியதில்லை. பந்து நான் நினைத்த திசைக்குப் போயிற்று. ஐந்து குழியும் முடித்து, இன்னொரு முறையும் சுற்றினேன். திங்கட்கிழமை காலை நாற்காலியிலிருந்து எழுந்த பிறகுதான் மேஜையைப் பிடிக்கவில்லை என்று கவனித்தேன்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு. சொந்தமாக அளவு கொடுத்துச் செய்துகொள்வது வீண் செலவு இல்லை. நடுத்தர உயரக்காரர்களுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. ரொம்ப உயரம், ரொம்பக் குட்டை, இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், தொழுகைக்காகக் கடை சாத்தியிருக்கும். ஆடும்போது எதைப் போடுகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவுக்கு நில்லுங்கள். பாய் அழுக்காகுமே என்று கூச்சமாக இருந்தால் அடியைத் துடைக்கத் துணி கொண்டுபோங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் மறுநாள் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிறு துரை வழக்கத்துக்கு முன்னதாகவே திடலுக்கு வந்துவிட்டார். நான்காம் குழியருகில் என் காலைப் பார்த்து நின்றார்.

"கிராணி, சப்பாத்து எங்கே?" என்றார் அவருடைய தோட்டத் தமிழில். "என் திடலில் சப்பாத்து இல்லாமல் வரக்கூடாது. நீ கூலியா?"

சவரிமுத்து பந்தைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் வழக்கப்படி சரிங்க துரை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு வந்தது.

"இந்த மட்டைக்கு வெறுங்காலோட நின்னுதான் அளவு குடுத்தேன் துரை. சப்பாத்துப் போட்டா முதுகு தாங்க மாட்டேங்குது. இப்படித்தான் ஆட முடியும்."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சப்பாத்தோடு நின்றார், நான் வெறுங்காலோடு நின்றேன். அப்படியும் அவர் என்னைவிட நாலு விரற்கடை குட்டை. இத்தனை வருடம் அவர் முன்னால் போய்வந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், ஒரு எட்டுப் பின்னால் போனார். அடுத்த ஞாயிறு சப்பாத்தோடு வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சவரிமுத்து காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார். வெறுங்காலோடு போகப்போகிறேன் என்று சொன்னேன். அவர் "அப்போ என் சப்பாத்தையும் வீட்ல விட்டுட்டு வரேண்ணே," என்றார்.